மருமகனே, விருதுக்கு மனுப் போடும் முன்னே

வாரும் மருமவனே, உக்காரும். விருதுக்கு மனுப் போடப் போறீராமே. 'தொழில்நுட்பத்தின் வழியே கற்பித்தலில் புதுமை படைத்த சிறந்த பேராசிரியர்'. விருதோட பேரை வாசிச்சு முடிக்கதுக்குள்ள எனக்கு ரெண்டு தடவை மூச்சு வாங்கிட்டு. உம்ம அத்தைகிட்டச் சொன்னேன். "அப்பம் சம்பளம் கூடுமாக்கும்?"னு கேட்டா. "சம்பளம் கூடாது, சால்வை கூடும்"னேன்.

நான் காலேஜ்ல பாடம் நடத்தினவன் இல்ல. பாடம் நடத்த வந்த சாமான்களைத் தூக்கிட்டு அலைஞ்சவன். பிசிக்ஸ் லேப் அட்டெண்டர்னா லேசா? எந்த ரூம்ல பிளக் பாயிண்ட் வேலை செய்யும், எந்த வாத்தியாருக்கு ரிமோட்டைத் தலைகீழாப் பிடிக்கிற பழக்கம், எல்லாம் எனக்கு அத்துபடி. ரிட்டயர் ஆனதுக்கு அப்புறமும் விட்டுப்போகல. பேத்தி எம்.எஸ்ஸி. முடிச்சு பி.எட். படிக்கா. அவ படிக்கதை எல்லாம் ராத்திரி எனக்குச் சொல்லுவா, நானும் கேட்டுக்கிடுவேன். அந்த உரிமையில சொல்லுதேன். விருது கிடைக்கிறதுக்கு ஒரு வழி இருக்கு, விருதுக்கு லாயக்கா ஆகுறதுக்கு ஒரு வழி இருக்கு. ரெண்டும் ஒண்ணுன்னு மட்டும் நினைச்சிராதேயும்.

கிடைக்கிற வழியை மொதல்ல சொல்லிருதேன், அதுதான உமக்கு அவசரம்.

முதல் காரியம் போட்டோ. கையில மைக்கு, பின்னால ஸ்மார்ட் போர்டு, எதுக்க உக்காந்திருக்கிற புள்ளைங்க அத்தனை பேரும் போர்டையே பாக்கணும். கீழ அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் எல்லாம் விழணும். ஜியோ டேக் இல்லாத போட்டோவை இப்பம் எந்தக் கமிட்டியும் மதிக்கதில்ல. நீரு வகுப்புல நின்னீருங்கிறதுக்கு வானத்துல சுத்துற செயற்கைக்கோளே சாட்சி சொல்லிரும். பையனுக்குப் புரிஞ்சுதாங்கிறதுக்குத்தான் எந்தக் கோளும் சாட்சிக்கு வராது.

ரெண்டாவது, பேரு. 'வாட்ஸப்புல நோட்ஸ் அனுப்புதேன்'னு எழுதினா எவன் மதிப்பான்? இங்கிலீஷ்ல ஆறு வார்த்தையைக் கோத்து, மொதல் எழுத்தை எல்லாம் கூட்டி வாசிச்சா 'ஸ்மார்ட்'னோ 'ஸ்பார்க்'னோ வரணும். பேரை மொதல்ல வச்சிரும். அதுக்குத் தகுந்த புதுமையைப் பொறவு மெதுவாத் தேடிக்கிடலாம்.

மூணாவது, பீட்பேக். மறுநாள் காலேஜோட தரத்தைப் பாக்குற ஐக்யூஏசி மீட்டிங்னா முந்தின ராத்திரி கிளாஸ் லீடருக்கு கூகுள் பாரம் லிங்க் போகும். விடியிறதுக்குள்ள 60 பேர் இருக்கிற கிளாஸ்ல 62 பேர் 'எக்ஸலண்ட்' போட்டிருப்பான். பை சார்ட் எடுத்தா ஒரே கலர்ல முழு வட்டமா வரும். அதையும் பிரிண்ட் எடுத்து பைல்ல வையும்.

நாலாவது, பைலோட கனம். விருதுக் கமிட்டிக்காரங்க பைலைப் படிக்கமாட்டாவ, தூக்கிப் பாப்பாவ.

இன்னொண்ணும் மறந்துராதேயும். நம்ம பக்கத்துல பல காலேஜ்ல பையன் கையில செல்போன் இருந்தாப் பிடுங்கி வச்சிக்கிடுதாவ. அதே காலேஜ்ல வராண்டாச் சுவர் முழுக்க 'ஸ்கேன் பண்ணுங்க, கத்துக்கோங்க'ன்னு கியூஆர் கோடு ஒட்டியிருக்கு. பையன் எதை வச்சு ஸ்கேன் பண்ணுவான்? மூக்கை வச்சா? ஆனா போட்டோவுல அந்தச் சுவர் நல்லா விழும். அதுவும் ஒரு எவிடன்ஸுதான்.

சிரிக்காதேயும் வே. இது உம்ம தப்பு மட்டும் இல்ல. 1994ல பெங்களூர்ல நாக்குன்னு ஒரு அமைப்பை ஆரம்பிச்சாவ. அது காலேஜை ஏழு தலைப்புல அளந்து பாத்துச்சு. ஏழாவது தலைப்புல 'உங்க காலேஜோட சிறந்த நடைமுறை ரெண்டைச் சொல்லுங்க'ன்னு கேள்வி. கேள்வி நல்ல கேள்விதான். பதில் எழுதுதாவளே, அங்கதான் கூத்து. வருசம் பூரா நடக்கிற காரியத்தை எழுதணும்னு எவனுக்கும் தோணாது. நாக் அனுப்புற பீர் டீம் வாரதுக்கு முந்தின வாரம் எது நடக்கணும்னு உக்காந்து யோசிப்பாவ. எங்க காலேஜ்ல அப்படி ஒரு வாரம் என்னைக் கூப்பிட்டு ஸ்மார்ட் போர்டு மேல போத்தியிருந்த துணியை எடுக்கச் சொன்னாவ. எடுத்தா உள்ள பல்லி முட்டை. ரிமோட்டு ஹெச்ஓடி பீரோவுல, பீரோச் சாவி பிரசவ லீவுல போன மேடம்கிட்ட. அந்த வருச ரிப்போர்ட்ல அந்த ரூம் 'ஐசிடி வசதியுள்ள வகுப்பறை'. வசதி இருந்துச்சு, நான் இல்லேங்கலையே.

யுஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, 2018ல போட்ட விதியையும் பேத்தி வாசிச்சுக் காட்டினா. வாத்தியாருக்கு மார்க் போடுற பட்டியல் அதுல இருக்கு. நாலு கிரெடிட் பாடத்துக்கு முழுசா ஒரு மூக், அதான் இணையவழிப் பாடம், தயாரிச்சா 20 மார்க்கு. புதுசா ஒரு கற்பிக்கிற முறையைக் கண்டுபிடிச்சா 5 மார்க்கு. கேமராவுக்கு முன்னால நின்னா இருபது, மூளையைக் கசக்கினா அஞ்சு. மார்க்கு எங்க இருக்கோ அங்கதான வாத்தியாரும் போவாரு. பையனை மட்டும் 'மார்க்குக்குப் படிக்காதே'ன்னு திட்டுதோம்.

சரி, பழைய கதை கொஞ்சம் கேளும். அமெரிக்காவுல எடிசன் 1913லயே, இனிமே பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் தேவைப்படாது, சினிமாப் படமே எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துரும்னு சொன்னாரு. நூறு வருசம் தாண்டிட்டு, புத்தகம் இன்னும் இருக்கு. நம்ம நாட்டுல 1984 ஆகஸ்ட் 15ல தூர்தர்ஷன்ல யுஜிசி பாடம் ஒளிபரப்ப ஆரம்பிச்சாவ. காலேஜ்ல டிவிப் பெட்டியை இரும்புக் கூண்டுக்குள்ள வச்சுப் பூட்டி, சாவியை என்கிட்டத் தந்தாவ. புள்ளைங்க கிரிக்கெட் அன்னைக்குத்தான் சாவியைத் தேடி வரும். அப்பொறம் ஓவர்ஹெட் புரொஜெக்டர் வந்துச்சு, எல்சிடி வந்துச்சு, ஸ்மார்ட் போர்டு வந்துச்சு. ஒவ்வொண்ணும் வந்த அன்னைக்குத் தேங்காய் உடைச்சோம், குத்துவிளக்கு ஏத்தினோம். ஒண்ணு பழுதான அன்னைக்குக்கூட 'இது வந்து புள்ளைங்க கூடுதலா என்ன கத்துச்சு'ன்னு எவரும் கேட்டதில்ல. ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ரிப்பேர்னு எழுதி என்கிட்டக் கையெழுத்து வாங்கிக்கிட்டாவ.

கருவியால படிப்பு ஏறுமான்னு ஆராய்ஞ்சவன் ஒருத்தன் 1983லயே விசயத்தைப் போட்டு உடைச்சிட்டான். ரிச்சர்ட் கிளார்க்னு பேரு. காய்கறியைக் கொண்டுவந்து இறக்குற வண்டியால எப்படி உடம்புக்குச் சத்து ஏறாதோ, அதே மாதிரி பாடத்தைச் சுமந்து வாற கருவியால படிப்பு ஏறாதுன்னான். உளுந்தூர்ப்பேட்டையில இருந்து லாரியில வந்தாலும், பக்கத்துத் தோட்டத்துல இருந்து தலைச்சுமையா வந்தாலும், கத்தரிக்காய் சொத்தையா இல்லையாங்கிறதுதான் விசயம். அவன் சொன்னதுக்கு எதிர்ச்சொல்லும் வந்துச்சு, சண்டை இன்னும் ஓயல. ஆனா விருதுக் கமிட்டிகளைப் பாக்கும்போது எனக்கு அவன் கட்சிதான். மாலையைக் கொண்டுபோய் வண்டி கழுத்துல போடுதாவ.

'அப்பம் புள்ளைங்களே சொல்லட்டும், பீட்பேக்கை நம்புவோம்'னு சொல்லுவீரு. அதுக்கும் கதை வச்சிருக்கேன். 1970ல அமெரிக்காவுல மூணு ஆராய்ச்சிக்காரங்க மைக்கேல் ஃபாக்ஸ்ங்கிற நடிகனுக்கு வேசம் கட்டினாவ. 'டாக்டர் மைரன் ஃபாக்ஸ்'னு பேரு வச்சு, மருத்துவக் கல்வியில கணிதத்தைப் பொருத்துறதைப் பத்திப் பேசுறதுக்கு மேடை ஏத்தினாவ. அந்த மனுசனுக்கு அந்த விசயத்துல ஒரு மண்ணும் தெரியாது. ஒண்ணுக்கொண்ணு முரணாப் பேசணும், அர்த்தமில்லாமப் பேசணும், ஆனா உற்சாகமா, நகைச்சுவையாப் பேசணும்னு பழக்கிவிட்டிருந்தாவ. எதுக்க உக்காந்திருந்தது மனநல மருத்துவருங்க, உளவியல் படிச்சவங்க. பேச்சு முடிஞ்சு பாரம் குடுத்தா, பிரமாதம்னு எழுதிக் குடுத்தாவ. பொறவு வீடியோவைப் பாத்தவன் ஒருத்தன், இவரு எழுதினதை நான் படிச்சிருக்கேன்னும் சொல்லிட்டானாம்! 1973ல இதைப் பத்திரிகையில போட்டாவ.

அது போகட்டும். 2019ல ஹார்வர்ட்ல ஒரு சோதனை. ஒரே பாடம், ஒரு கூட்டத்துக்கு வாத்தியார் அழகாப் பேசினாரு, இன்னொரு கூட்டத்தைக் கணக்கைக் குடுத்துத் தாங்களே முட்டி மோதவிட்டாவ. பரீட்சையில முட்டி மோதினவன்தான் கூடுதல் மார்க்கு வாங்கினான். 'எதுல அதிகம் கத்துக்கிட்டே'ன்னு கேட்டாப் பேச்சைக் கேட்டவன்தான் 'நான் நெறைய கத்துக்கிட்டேன்'னான். பாத்தீரா? சுகமா இருந்ததைப் புரிஞ்சதா நினைச்சுக்கிடுதான். உம்ம முழுவட்ட பை சார்ட்டை இனிமே கொஞ்சம் சந்தேகத்தோட பாரும்.

இனி லாயக்காகிற வழிக்கு வருவோம்.

அதே ஹார்வர்ட்ல எரிக் மசூர்னு பிசிக்ஸ் வாத்தியார். புள்ளைங்க அவரை மெச்சி மெச்சி எழுதும். பரீட்சைக் கணக்கெல்லாம் போட்டுத் தள்ளும். 1990 வாக்குல அவருக்கு ஒரு சந்தேகம். கணக்கு இல்லாத சாதாரணக் கேள்விங்க கொஞ்சத்தைக் குடுத்துப் பாத்தாரு. பெரிய லாரியும் சின்னக் காரும் நேருக்கு நேர் மோதினா எது எதை அதிக விசையோட தள்ளும்ங்கிற ரகம். ஒரு புள்ள எழுந்து, 'இதுக்கு நீங்க நடத்தினபடி பதில் எழுதவா, நான் வழக்கமா நினைக்கிறபடி எழுதவா?'ன்னு கேட்டுச்சாம். மனுசன் ஆடிப்போயிட்டாரு. அத்தனை வருச லெக்சரும் நோட்டுக்குப் போயிருக்கு, மண்டைக்குப் போகல.

நீரா இருந்தா அந்தக் கேள்வியை மறைச்சிட்டுப் பீட்பேக்கை மட்டும் பைல்ல வச்சிருப்பீரு. அவரு வகுப்பையே மாத்தினாரு. ஒரு கேள்வியைப் போடுவாரு. லாரியும் டிவிஎஸ் 50யும் மோதினா எந்தப் பக்கம் விசை அதிகம்னு வச்சுக்கிடும். எல்லாப் புள்ளையும் பேசாம யோசிச்சுத் தனித்தனியாப் பதில் காட்டணும். பாதிப் பேரு லாரின்னுவான். சில பேரு ரெண்டும் சமம்னுவான். வாத்தியார் விடையைச் சொல்லமாட்டாரு. 'பக்கத்துல வேற பதில் சொன்னவனைப் பிடி, அவனை உன் கட்சிக்கு இழு'ன்னு விட்டுருவாரு. ரெண்டு மூணு நிமிசம் வகுப்பு மீன் சந்தைதான். 'அப்பம் டிவிஎஸ்காரன் ஏம்லே தூக்கி எறியப்படுதான்?'னு ஒருத்தன் கேப்பான். 'விசை சமம்தாம்லே, எடை கம்மி, அதான் வேகம் அதிகமா மாறுது'ன்னு அடுத்தவன் சொல்லுவான். நேத்துப் புரிஞ்ச பையன் இன்னைக்குப் புரியாதவனுக்குச் சொல்லும்போது, எங்க தட்டுதுன்னு வாத்தியாரைவிட அவனுக்கு நல்லாத் தெரியும். திரும்ப ஓட்டு எடுத்தா, சரியான பக்கம் கை கூடியிருக்கும். கூடலைன்னா அந்த இடத்துல வாத்தியார் வாயைத் திறந்தாப் போதும். இந்த முறையை அவரு 1997ல புத்தகமாப் போட்டாரு. 2014ல 5 லட்சம் டாலர் விருது தேடி வந்துச்சு. ஆயிரம் பக்கத்துக்கு ஜியோ டேக் போட்டோ ஒட்டி வாங்கினது இல்ல.

'கருவி எங்க மாமா?'ன்னு கேப்பீரு. ஓட்டுப் போடுறதுக்கு புள்ளைங்க கையில கிளிக்கர்னு ஒரு பொத்தான் பெட்டி. ஆனா இதையும் கேளும். கனடாவுல ஒரு காலேஜ்ல ஒரு கூட்டத்துக்குக் கிளிக்கரும் இன்னொரு கூட்டத்துக்கு வெறும் அட்டையும் குடுத்து 2008ல கணக்குப் பாத்தாவ. புரிஞ்சதுல ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்ல. அப்பம் கருவி வீணான்னா, அதுவும் இல்ல. பயந்த புள்ள நாலு பேரு முன்னால அட்டையைத் தூக்கத் தயங்கும், பொத்தானை அமுக்கிரும். யாரு எங்க தடுக்கி விழுதான்னு வாத்தியாருக்கு அந்த நிமிசமே கணக்கு வந்துரும். நம்ம செல்போன் பிடுங்குற காலேஜுக்கும் ஒரு வழி இருக்கு. பிளிக்கர்ஸ்னு ஒண்ணு. புள்ளைங்க கையில கோடு அச்சடிச்ச காகித அட்டை. எந்தப் பக்கத்தை மேல பாத்துப் பிடிக்கானோ அது அவன் பதில். வாத்தியார் ஒருத்தர் செல்லைச் சுத்திக் காட்டினா எல்லாப் பதிலையும் கேமரா படிச்சிரும். காசு ஜெராக்ஸ் கடைக்கு மட்டும்தான்.

கார்ல் வீமன்னு இன்னொருத்தர், 2001ல பிசிக்ஸுக்கு நோபல் வாங்கினவரு. அந்தப் பணத்துல கொஞ்சத்தைப் போட்டு மறு வருசமே ஃபெட்னு ஆரம்பிச்சாரு. மின்சாரம், அலை, அணு எல்லாத்தையும் பையனே செல்லுலயும் கம்ப்யூட்டர்லயும் தட்டி, இழுத்து, விளையாடிப் பாக்குற விளையாட்டு. இலவசம். பையன் என்ன செய்யிறான், எங்க முழிக்கான்னு கூடவே உக்காந்து பாத்து, அதுக்குத் தகுந்தபடி திருத்திக்கிட்டே வந்தாவ. நோபல் வாங்கினவருக்கே பையன் முழிக்கிறதைப் பாத்தாத்தான் பாடம் வருது. நமக்கு மட்டும் போர்டைப் பாத்தாப் போதும்!

பாடத்தைச் சொல்லுறதுல இப்பம் கிராக்கி இல்ல வே. 2003ல ஏழு ஐஐடியும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேந்து என்பிடெல்லை ஆரம்பிச்சு, பெரிய பெரிய வாத்தியாருங்க லெக்சரை ஊருக்கே இலவசமா விட்டுட்டாவ. 2017ல அரசாங்கத்தோட இணையவழிப் பாடமா ஸ்வயம் வந்துச்சு. நீரு அதையே ஒரு பச்சைத் துணிக்கு முன்னால நின்னு திருப்பிச் சொல்லி வீடியோ எடுத்தா அதுல என்ன புதுமை? உம்ம வகுப்புல மட்டும் கிடைக்கக்கூடியது ஒண்ணே ஒண்ணுதான். மூணாவது பெஞ்சுல இருக்கிறவன் எந்த வரியில தொலைஞ்சு போனான்னு பாத்துப் பிடிச்சு இழுக்கிறது. அதுக்கு உதவுற கருவி எதுவோ அதுக்கு ஆயிரம் ரூபா விலைன்னாலும் வாங்கும். உதவாதது ஓசியில வந்தாலும் வேண்டாம்னு சொல்லும்.

நம்ம ஊர்லயே இப்படி ஒரு வாத்தியாரம்மா இருந்தாவ, பேரு சொல்லமாட்டேன். கொரானா வந்து காலேஜை மூடினப்ப எல்லாரும் ஜூம்ல தலையை ஆட்டிக்கிட்டிருந்தாவ. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரைக்கும் அரசாங்கம் தினம் 2 ஜிபி டேட்டா குடுத்துச்சு. அதுக்கு முந்தி? தேயிலைத் தோட்டத்துப் புள்ளைக்கு ஜூம் எங்க வரும்? இந்த அம்மா அஞ்சு நிமிசத்துக்கு வாய்ஸ் மெசேஜ் போடுவாவ. கடைசியில ஒரு கேள்வி. பதிலையும் வாய்ஸ்லதான் அனுப்பணும், எழுதக் கூடாது. எழுதினாக் காப்பி அடிப்பான், பேசினா மாட்டிக்கிடுவான். ராத்திரி கேட்டுப் பாத்துட்டு, பலபேரு தப்பு விட்ட இடத்தை மறுநாள் மறுபடி பேசுவாவ. இதுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுக்கணும்னு அவுகளுக்குத் தோணல. அந்த வருசம் புதுமை விருது யாருக்குப் போச்சுன்னா, ஜூம்ல பின்னாடி கடற்கரைப் படம் போட்டுப் பாடம் எடுத்தவருக்கு.

கமிட்டியில என்னை உக்கார வைக்கமாட்டாவ. வச்சா மூணே கேள்விதான் கேப்பேன். நீரு வாறதுக்கு முன்னால புள்ளைங்களுக்கு எது புரியல, அது உமக்கு எப்படித் தெரிஞ்சுது? நீரு செஞ்சதுக்கு அப்பொறம் அது புரிஞ்சுதுன்னு எதை வச்சுச் சொல்லுதீரு? கரண்டு போன அன்னைக்கு உம்ம புதுமையில என்ன மிச்சம்? இந்த மூணுக்கும் பதில் சொல்லுறவருக்கு அந்தப் பைல் ஒரு பக்கம் இருந்தாப் போதும். அதோட அவரு கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருத்தனை நானே பொறுக்கிக் கூப்பிட்டுப் பேசுவேன். கிளாஸ் லீடரைக் கூப்பிடமாட்டேன்.

விருதே வேண்டாம்னு நான் சொல்லல. நல்லா நடத்துறவனை நாலு பேரு முன்னால மெச்சணும், அப்பதான் அடுத்தவனும் பாப்பான். டெல்லியில செப்டம்பர் 5ல குடுக்கிற தேசிய விருது பள்ளிக்கூட வாத்தியாருக்குன்னு இருந்துச்சு. 2023ல காலேஜ் வாத்தியாருங்களையும் சேத்தாவ. 50,000 ரூபாயும் வெள்ளிப் பதக்கமும். நல்ல காரியம். காலேஜ் வாத்தியாரு எத்தனை பேப்பர் போட்டாருன்னுதான் இத்தனை நாளும் எண்ணினாவ, எத்தனை பேருக்குப் புரிய வச்சாருன்னு ஒரு இடத்துலயாவது கேக்கட்டுமே.

அதனால மனுவைப் போடும். பைல்ல இருக்கிற போட்டோவுல பாதியை எடுத்துட்டு ஒரே ஒரு பக்கம் சேரும். போன வருசம் எம் புள்ளைங்களுக்கு இன்ன இடம் புரியல, மூணு வழி பாத்தேன், ரெண்டு தோத்துப் போச்சு, ஒண்ணு நின்னுச்சு, இந்தா ரெண்டு வருசத்து விடைத்தாளும்னு எழுதும். அந்தப் பக்கத்தைப் படிச்சிட்டு விருது குடுத்தாவன்னா நிமிந்து நின்னு வாங்கும். படிக்காமலே குடுத்தாலும் வாங்கிக்கிடும், மடத்தனமா வேண்டாம்னு சொல்லிராதேயும். ஆனா அன்னைக்கு மேடையில ரொம்ப நேரம் பேசாதேயும் மருமவனே. முன் வரிசையில உக்காந்திருக்கிற எனக்கு டாக்டர் ஃபாக்ஸ் ஞாபகம் வந்து சிரிச்சுத் தொலைச்சிருவேன்.